பாடகர் காதுக்குப் பத்து வாட் போதும்

ஆடி பிறந்தால் அரியூர், வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து அம்மன் கோயில்களில் செடல் உற்சவம் களைகட்டும். பகலில் சாகை வார்த்தல். இரவில் பாட்டுக் கச்சேரி அல்லது தெருக்கூத்து. மேடையின் இரு ஓரங்களிலும் ஆளுயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள் தெருக்கோடி வரை பாட்டைக் கொண்டுசேர்க்கும். ஊருக்கெல்லாம் கேட்கும் அந்தக் குரல், பாடுகிறவருக்கு மட்டும் சரியாகக் கேட்காது.

காரணம் ஒலியின் அலைநீளம். 100 ஹெர்ட்ஸ் அடிநாதத்தின் அலை மூன்றரை மீட்டர் நீளம். அரை மீட்டர் அகலப் பெட்டி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. சுற்றிக்கொண்டு பின்பக்கமும் வந்துவிடும். சொற்களுக்குத் தெளிவு தரும் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 7 சென்டிமீட்டர்தான். அது பெரும்பாலும் முன்னோக்கியே போகும். பெட்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு மிஞ்சுவது 'திம் திம்' என்ற அதிர்வுதான்.

முன்னே போன குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புவது இன்னொரு தொல்லை. சுவர் 35 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி 70 மீட்டர் பயணம் செய்து, ஐந்தில் ஒரு விநாடி பிந்தி வரும். தன் பேச்சையே இப்படிப் பிந்திக் கேட்பவரின் நாக்கு குழறும் என்று அமெரிக்கர் பெர்னார்ட் லீ 1950இல் காட்டினார். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இலேயே எழுதிவிட்டார். பாதிக் கச்சேரியில் பாடகருக்குத் தொண்டை கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தின் முன் பீட்டில்ஸ் குழு பாடியபோதும் இதே கதைதான். கூச்சலில் அவர்களுக்குத் தங்கள் பாட்டே கேட்கவில்லை.

இதற்கு மருந்துதான் பாடகரின் காலடியில் சாய்வாக, முகத்தைப் பார்த்து வைக்கும் மானிட்டர் என்ற ஸ்பீக்கர் பெட்டி. இரண்டு மீட்டர் தூரத்தை ஒலி 6 மில்லி விநாடியில் கடந்துவிடும். அந்தத் தாமதம் காதுக்கே தெரியாது.

வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும் பெட்டி ஒன்று. இந்த 97தான் அதன் உணர்திறன். 10 வாட் கொடுத்தால் 107 டெசிபல். தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். ஆகவே இரண்டு மீட்டரில் இருக்கும் காதுக்கு 101. 100 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்பது காதுக்குக் கேடு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஆக, 10 வாட்டே தாராளம். தாளம் திடீரென எகிறும் கணங்களுக்காக அதைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு, 100 முதல் 150 வாட் வரை, கையிருப்பாக இருந்தால் போதும்.

உணர்திறன் 90 டெசிபல் மட்டுமே உள்ள பெட்டி இதே சத்தம் தர ஐந்து மடங்கு மின்சாரம் கேட்கும். 97 டெசிபல் பெட்டியே தனக்குக் கிடைக்கும் 100 வாட்டில் ஏறக்குறைய 3 வாட்டைத்தான் ஒலியாக்குகிறது. மற்ற 97 வாட்டும் உள்ளிருக்கும் காயிலில் வெப்பமாகிறது. காயில் சூடேறினால் அதன் மின்தடை கூடும், சத்தம் குறையும். வால்யூமை மேலும் திருகினால் காயில் கருகும். எனவே உணர்திறன் கூடிய பெட்டி உழைக்கவும் கூடியது.

சத்தத்துக்கு உண்மையான வரம்பு கட்டுவது வாட் அல்ல, விசில். மைக்கில் நுழைந்த ஒலி மானிட்டரில் வந்து, திரும்பவும் மைக்கில் நுழைகிறது. போனதைவிடத் திரும்பியது பலமாக இருந்தால் சுற்றுக்குச் சுற்று வளர்ந்து 'கீ' என்று ஊளையிடும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள். பெட்டி எந்தச் சுருதியை மற்றவற்றைவிடத் தூக்கிக் கொடுக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் விசில் முதலில் கிளம்பும். ஒரே ஓர் இடத்தில் 6 டெசிபல் மேடு இருந்தாலும், அந்த மேட்டுக்காக மொத்தச் சத்தத்தையும் குறைத்தாக வேண்டும். 500 வாட் பெட்டி வாங்கியும் பயன்படுத்த முடியாமல் போவது இதனால்தான். எல்லாச் சுருதிக்கும் சமமாகப் பேசும் பெட்டியே மானிட்டருக்கு ஏற்றது.

மைக் வைக்கும் விதத்திலும் விசில் அடங்கும். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். மானிட்டர் அங்கேதான் இருக்க வேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தினால் அந்தக் குணம் கெட்டுவிடும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டித்தால் 3 டெசிபல் இழப்பு. கூத்து மேடையில் தலைக்கு மேல் தொங்கும் மைக்கு ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. கையில் பிடிக்கும் மைக்கு 5 சென்டிமீட்டர். இந்த இருபது மடங்கு தூரத்தை ஈடுகட்ட 26 டெசிபல், அதாவது 400 மடங்கு சக்தி கூட்ட வேண்டும். அதனால் தொங்கும் மைக்கின் ஒலியை மானிட்டரில் கூட்டிக் கொடுத்தால் விசில்தான் மிஞ்சும். கூத்தில் பின்பாட்டுக்காரரும் ஆர்மோனியமும் மிருதங்கமும் நடிகருக்கு நேர்ப்பின்னாலேயே இருப்பதால், அங்கே மானிட்டர் இல்லாமலும் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

நம் பக்கத்து ஈரக்காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் எம்.டி.எஃப் பலகை ஊதிப்போகும்; பிளைவுட் தாங்கும். மழைக்கு ஒதுங்க இடமில்லாத மேடையில், ஆம்ப்ளிஃபயர் உள்ளே இல்லாத பெட்டி நல்லது; 230 வோல்ட் ஒயர் பாடகரின் காலடிக்கு வராது. உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ளதை வாங்கினால், ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்குவதைத் தாங்குமா, அளவு மீறும்போது காயிலைக் காக்கும் லிமிட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதை வாங்கினாலும், கூம்பின் டயாஃப்ரம் சென்னை ரிச்சி தெருவில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை விட்டுவிடுங்கள். உணர்திறன் எவ்வளவு, ஒலி சமமாக வருகிறதா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். கடையிலேயே உங்கள் மைக்கைச் செருகி, விசில் வரும்வரை ஏற்றிப் பாருங்கள். கடைசியாக விசில் அடிக்கும் பெட்டியை வாங்குங்கள்.