சோப்பின்மேல் எண்ணெய் மிதந்தால்...



ஹிஞ்சேவாடியில் ஒரு டிசம்பர் மாதத்து வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின், நம் சகோதரி ஒருவர் செய்தித்தாளில் பொதிந்த நான்கு சோப்புக் கட்டிகளை என்னிடம் நீட்டினார். ஐ.டி. பார்க்கில் கணவர் பணிபுரிய, இரு பிள்ளைகளுடன் வீட்டிலிருக்கும் அவர், ஊரிலிருந்து வந்த தேங்காய் எண்ணெயைக்கொண்டு அடுப்பில் காய்ச்சாத முறையில் தாமே சோப்பு செய்திருந்தார். சபைச் சகோதரிகளுக்கு விற்கவும் எண்ணம். "பாஸ்டர் ஐயா, அச்சில் ஊற்றிய மறுநாள் மேலே எண்ணெய் நின்றது. அதை வடித்துவிட்டேன். அப்படியும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. ஆனால் எண்ணெய் அதிகமானால் தோலுக்கு நல்லதுதானே?" என்றார். அருகில் நின்ற சிறுவனின் முன்கை சிவந்து தடித்திருந்தது. பனிக்காற்று என்று அவர் நினைத்திருந்தார்.

வேதாகமக் கல்லூரிக்குச் செல்லுமுன் வேதியியல் பயின்றவன் என்பதால் எனக்கு அந்தச் சிவப்பு குளிரினால் வந்ததாகத் தோன்றவில்லை.

வேதத்தில் மல்கியா 3:2-லும் எரேமியா 2:22-லும் சவுக்காரம் என்னும் சொல்லை வாசிக்கிறோம். இலங்கைத் தமிழர் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்றே சொல்லுகின்றனர். ஆயினும் மூலமொழியில் அங்கே நிற்கும் 'போரித்' என்பது செடிச் சாம்பலிலிருந்து கிடைத்த காரமேயன்றி, நாம் கையில் பிடிக்கும் கட்டி அல்ல. அழுக்கை அரிக்கும் அந்தக் காரத்தோடு எண்ணெய் இணைந்து, இரண்டும் தம் பழைய தன்மையை இழக்கும்போதே சோப்பு உண்டாகிறது. இன்று நாம் பயன்படுத்தும் காரம் காஸ்டிக் சோடா. அது தனித்து நின்றால் தோலை வேகவைக்கும்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்குச் சுமார் 136 கிராமும், ஆமணக்கு எண்ணெய்க்குச் சுமார் 128 கிராமும் போதும். எனவே தேங்காய் எண்ணெய் 400 கிராம், கடலை எண்ணெய் 500 கிராம், ஆமணக்கு எண்ணெய் 100 கிராம் சேர்த்தால் 154 கிராம் தேவை. பாதுகாப்புக்காக அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 146 கிராம் இடுவார்கள். அப்பொழுது ஏறத்தாழ 50 கிராம் எண்ணெய் சோப்பாகாமல் உள்ளே தங்கும். அதுவே நம் தோலுக்கு வேலி.

இப்பொழுது அந்தச் சகோதரி செய்ததைப் பாருங்கள். அவர் ஒரு தம்ளர் எண்ணெயை வடித்துவிட்டார். நூறு மில்லி என்று கொண்டாலும் அது 90 கிராமுக்கு மேல். அந்த எண்ணெய் மிகுதியாக மிதந்த எண்ணெய் அன்று. கீழேயிருந்த காரத்துக்கு உரிய பங்கு. வேலியாயிருந்த 50 கிராமும் போய், அதற்குமேலும் போனதால், மீந்த கட்டியில் துணையற்ற காரம் நின்றது. மேலே பிசுக்கு, உள்ளே நெருப்பு! எண்ணெய்ப் பசை தெரிகிற சோப்பு மென்மையானது என்று எண்ணுவது இங்கேதான் பெரும் ஆபத்தாகிறது.

எண்ணெய் ஏன் பிரிந்தது? தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையத் தொடங்கும். நாகர்கோவிலில் காணாத அந்த உறைவைப் புனேயின் டிசம்பர் இரவுகளில் ஒவ்வொரு வீட்டிலும் காண்கிறோம். சோப்புக் கலவையைக் கரண்டியால் தூக்கி ஊற்றும்போது மேலே கோடு சற்று நேரம் அழியாமல் நின்றால் பதம் வந்தது என்பார்கள். ஆனால் குளிரில், காரத்தோடு இணையாமலே எண்ணெய் உறைந்தும் கலவை தடிக்கும். அது பொய்யான பதம். சற்றே வெந்நீரில் பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். மீண்டும் நீர்த்துப் பிரிந்தால் இன்னும் கலக்கவேண்டும். எண்ணெயும் காரநீரும் 40 பாகை அளவில் இருக்கையில், எண்ணெய் கண்ணாடிபோல் தெளிந்தபின் கலக்கத் தொடங்குவதே குளிர்காலத்துக்கு ஏற்றது.

எல்லாப் பிசுக்கும் இவ்வகையினதல்ல. மழைக்காலத்தில் சோப்பின்மேல் முத்துமுத்தாக ஈரம் பூத்தால் அஞ்சவேண்டாம். வீட்டுச் சோப்பில் கிளிசரின் நீக்கப்படாமல் இருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுக்கிறது. ஒரு தாளால் ஒற்றிக் காயவிடுங்கள். கறை மறைந்தால் தண்ணீர். காய்ந்தபின்னும் தாள் ஊடுருவித் தெரிந்தால் எண்ணெய். வாசனை எண்ணெயை அளவின்றி ஊற்றினாலும் கசியும். எண்ணெயின் எடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த காஸ்டிக் சோடாவும் ஈரத்தை இழுத்து எடை கூடும். தராசு 146 காட்டினாலும் உள்ளே காரம் குறைவு. அவ்வகையில் மீறும் எண்ணெய் நாளடைவில் காறி, செம்மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும்.

லிட்டரைக் கிலோவென்று கொள்ளாதீர்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 முதல் 920 கிராம்தான். கிலோவுக்குரிய சோடாவை லிட்டருக்கு இட்டால் காரம் மிஞ்சும். நீதிமொழிகள் 11:1 கடைக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டதென்று நாம் நினைத்துக்கொள்ளுகிறோம்!

இன்னொன்று: குளித்தபின் உடலிலும் வாளியிலும் வழுவழுப்பான வெள்ளைப் படிவு தங்குகிறதா? ஹிஞ்சேவாடியில் பல குடியிருப்புகள் டேங்கர் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பியிருக்கின்றன. நீர் கடினமானால் அதிலுள்ள சுண்ணச் சத்து சோப்போடு சேர்ந்து இப்படிப் படியும். அதே சோப்பை ஆர்.ஓ. தண்ணீரில் ஒருமுறை நுரைத்துப் பாருங்கள். படிவு வராவிட்டால் சோப்பின்மேல் குற்றமில்லை.

அந்தச் சகோதரி வடித்த எண்ணெயைக் கொட்டாமல் ஒரு பாட்டிலில் வைத்திருந்தார், அது நல்லதாயிற்று. கையுறை அணிந்து, கட்டிகளைச் சீவி, வடித்த எண்ணெய் முழுவதையும் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறிது நீர் தெளித்து, கொதிநீரின்மேல் வைத்து உருக்கி ஒரே பசையாகும்வரை கலக்கச் சொன்னேன். அலுமினியம் கூடவே கூடாது; காரம் அதை அரிக்கும். புதிதாகக் கரைப்பவர்கள் தண்ணீரில் சோடாவை இடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள்; வினிகரைத் தேடி ஓடவேண்டாம். பிள்ளைகள் உறங்கியபின் இவ்வேலையைச் செய்வது உத்தமம்.

விற்பனையைக் குறித்தும் அவரிடம் பேசினேன். குளியல் சோப்பை விற்பதற்காகத் தயாரிப்போர் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் பெறவேண்டும். சபைக்குள்தானே என்பது அதற்கு விலக்கல்ல. அவர் அதை ஏற்றுக்கொண்டு, வீட்டுக்கு மட்டும் செய்வதென்று முடிவெடுத்தார்.

மறுபடி வார்த்த கட்டிகள் நான்கு வாரம் அலமாரியில் காய்ந்தன. அதன்பின் நுரையில் பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தோம். 9-க்கும் 10-க்கும் நடுவே நின்றது, சோப்புக்கு இயல்பான அளவு. ஆயினும் பிள்ளைக்குக் கொடுக்குமுன் தாமே ஒரு வாரம் அதில் குளிக்கப்போவதாக அந்தத் தாயார் சொன்னார்.