பூனை ஏன் உங்கள் கொல்லையையே தேடி வருகிறது, தெரியுமா?

தென்பெண்ணை ஆற்றங்கரையில், பாகூர் கொம்யூனின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது சோரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். இந்த ஆற்றோரத்து மணற்பாங்கான கொல்லையில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள், விரலிடுக்கில் வழிந்து ஓடிவிடும். மல்லாட்டைக்கு அருமையான மண். பூனைக்கோ அதைவிட அருமை! கீரை விதைக்கக் கொத்திவிட்ட பாத்தி, வீடு கட்ட இறக்கிய மணல் குவியல், ஆசையாகப் போட்ட புல்தரையில் புல் பிடிக்காத இடம் என்று எங்கே மண் பொலபொலவென்று இருக்கிறதோ அங்கே ராத்திரி வந்து தோண்டும், உட்காரும், மூடிவிட்டுப் போகும். காலையில் களை பிடுங்கக் கை வைக்கிறவருக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

உங்கள் மேல் அதற்கு எந்தக் கோபமும் கிடையாது. அது பாலைவனத்து வாரிசு! சுமார் ஆயிரம் பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் வீட்டுப்பூனையும், ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் திரியும் ஒரே காட்டுப்பூனை இனத்தின் வழிவந்தது என்று அது சொன்னது. காய்ந்த மணலைக் கண்டால் தோண்டுகிற பழக்கம் அந்த ரத்தத்தில் ஊறியது. தாய் சொல்லித்தர வேண்டியதே இல்லை, பிறந்து மூன்று நான்கு வாரமான குட்டிகூடத் தானாக மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும்!

இன்னொரு ஆச்சரியம். பூனை கடல் தண்ணீரைக் குடித்தும் தாக்குப்பிடிக்கும், தெரியுமா? 1959இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நம் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத உப்பைப் பூனையின் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பாலைவனத்துத் தண்ணீர்ப் பஞ்சம் கொடுத்த வரம் அது. அதனால்தான் அதன் மூத்திரம் அவ்வளவு அடர்த்தி. நாற்றத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஃபெலினின் என்ற ஒரு பொருள் அதில் கலந்து வருகிறது. முதலில் பெரிதாக வாடை தெரியாது. நேரம் போகப்போக அது சிதைந்து கந்தகம் கலந்த நெடியாக மாறும். ராத்திரி பெய்தது மறுநாள் மத்தியானம் மூக்கைத் துளைப்பது இதனால்தான்! காயடிக்காத கடுவனிடம் இந்த ஃபெலினின் மிக அதிகம்.

சரி, இப்போது மனசைப் பதறவைக்கிற விஷயம். பூனையை விரட்ட நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது பினாயில், இல்லாவிட்டால் பாச்சை உருண்டை. இரண்டும் பூனைக்கு விஷம்! ஏனென்றால் பூனையின் கல்லீரலில் ஒரு குறை உண்டு. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்ற உதவும் ஒரு மரபணு அதற்கு வேலை செய்வதில்லை. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் இதே குறைதான். காலம் காலமாகக் கறியே தின்று வந்ததால், செடிகொடிகளின் நச்சைக் கையாள வேண்டிய தேவை இல்லாமல் போனதே இதற்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாம் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்! பினாயில் தெளித்த மண்ணில் நடந்த பூனை, பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்குகிறது. அவ்வளவு போதும். மிளகாய்ப்பொடி தூவுவதும் வேண்டாம். பாதத்தில் ஒட்டி, முகத்தைத் துடைக்கும்போது கண்ணுக்குள் போய்விடும். நீலகிரித் தைலம், காபித்தூள் வண்டல் இரண்டும்கூட அதன் உடம்புக்கு ஆகாது. வேண்டுமென்றே விஷம் வைத்தால் அது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

வாசலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுகிறார்களே, அதே வழக்கம் ஜப்பானிலும் இருக்கிறது, தெரியுமா? இங்கே நாயை விரட்ட, அங்கே பூனையை விரட்ட! ஜப்பானியத் தெருக்களில் வீட்டுச் சுவரோரம் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்களை நிறுத்திவைப்பார்கள். பூனைகளோ பாட்டிலை உரசிக்கொண்டே நடந்து போகின்றன. வெயில் அந்தப் பாட்டிலில் குவிந்து நெருப்புப் பிடிக்கலாம் என்று அங்கே தீயணைப்புத் துறையினர் எச்சரிக்கிறார்கள். கூரை வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1922இலேயே ஹெரிக் என்ற அமெரிக்க விலங்கியலாளர், குட்டி போட்ட ஒரு தாய்ப்பூனையை மூடிவைத்துத் தூக்கிப்போய்ச் சில மைல் தூரத்தில் விட்டுப் பார்த்தார். குட்டிகளைத் தேடி அது திரும்பி வந்துவிட்டது! வராமலே போனாலும், காலியான இடத்துக்கு இன்னொரு பூனை வரும். அந்தப் பாவம் வேண்டாம்.

இப்போது உங்கள் கொல்லையைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். வேலியோரம், கிணற்றடி, குப்பைமேடு என்று எங்காவது குப்பைமேனி முளைத்திருக்கிறதா? சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசுவோமே, அதேதான். பூனைவணங்கி என்றும் அதற்குப் பேர் உண்டு. டச்சுக்காரர் வான் ரீட், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான ‘ஹோர்துஸ் மலபாரிக்குஸ்’ நூலிலேயே இந்தச் செடியைச் சேர்த்திருக்கிறார். இதன் வேரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். பூனை வந்து மோந்து, எச்சில் ஒழுக வேரை நக்கி, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரளும்! பூனையை மயக்குவதாக வெளிநாட்டார் கொண்டாடும் ‘கேட்னிப்’ செடியில் உள்ளதற்குச் சொந்தக்காரப் பொருள்கள் இந்த வேரில் இருப்பதை 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். களை எடுக்கும்போது குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டுவிட்டால், ஊர்ப்பூனைக்கெல்லாம் நீங்களே அழைப்பு வைத்ததாகிவிடும். அதே வேரைப் பூனை போகட்டும் என்று நீங்கள் ஒதுக்குகிற மூலையில் போட்டால், அது நமக்கு உதவி!

ஆமாம், பூனைக்கென்று ஒரு மூலையை ஒதுக்குவதுதான் எனக்குத் தெரிந்து மிக நல்ல வழி. கொல்லையின் கோடியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஒரு முழ அகலத்துக்குக் குழி வெட்டி நைசான காய்ந்த மணலை நிரப்புங்கள். மழை படாமல் மேலே ஒரு கீற்றைச் சாய்த்து வையுங்கள். பாத்தியை இதற்கு நேர்மாறாக ஆக்குங்கள். விதைத்த கையோடு மண்ணை ஈரமாக வைத்திருங்கள், ஈர மண்ணைப் பூனை விரும்பாது. நாலு விரல் இடைவெளி விட்டுச் சவுக்குக் குச்சிகளை நட்டால், உட்கார்ந்து திரும்ப அதற்கு இடமே இருக்காது. புல்தரை என்றால் கோழிவலையைப் படுக்கையாக விரித்து ஒரு விரல்கடை மண் போட்டு மூடுங்கள். புல் அதன் வழியே வந்துவிடும், பூனையின் நகம் மட்டும் கம்பியில் தட்டும், காயம் ஆகாது. செடியைச் சுற்றி உடைத்த தேங்காய் மட்டைத் துண்டுகளைப் போட்டால் ஈரமும் நிற்கும், பூனையும் கால் வைக்காது. எலுமிச்சைத் தோல் போடலாம், ஆனால் வாடை போனதும் மாற்ற வேண்டும். வீடு கட்டும் மணலா? பொழுது சாயும் முன் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வையுங்கள், முடிந்தது வேலை!

கடையில் விற்கும் கேளா ஒலிக் கருவி பலிக்குமா? நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனை 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்! அதை நம்பிச் செய்த கருவியை 2006இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் சோதித்தபோது, தோட்டத்துக்குள் பூனை வருவது குறைந்தது, நிற்கவில்லை. அசைவு தெரிந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவியும் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வசதி உள்ளவர்கள் பார்க்கலாம்.

குழந்தைகள் மணலில் விளையாடும் வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள். பூனை, நாய் மலத்திலிருந்து வரும் ஒருவகைக் கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மணலில் பிழைத்துக் கிடந்து, வெறுங்கால் தோலுக்குள் புகுந்து வரிவரியாக அரிப்பை உண்டாக்கும். இன்னொன்று டாக்சோபிளாஸ்மா. 1908இல் துனிஸ் நகரில் கண்டறியப்பட்ட இந்த ஒட்டுண்ணி தொற்றிய எலிக்குப் பூனை வாடை மேல் இருக்கும் பயமே போய்விடுகிறது என்று 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்! பூனை மலத்தை அள்ளும் வேலையிலிருந்து கர்ப்பிணிகள் கட்டாயம் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் பயந்து நடுங்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு பூனை தன் ஆயுளில் ஒரே முறை, ஒன்றிலிருந்து மூன்று வாரம் மட்டுமே இதை வெளியேற்றும். வெளியே வந்ததும் உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அதனால் ஒதுக்கிய மூலையைத் தினமும் கையுறை போட்டு அள்ளிச் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி ஆபத்து தீர்ந்தது. அள்ளியதைக் கீரைப் பாத்திக்கு உரமாகப் போடவே கூடாது.

கிடப்பது பூனையுடையதுதானா என்றும் பாருங்கள். மொட்டை மாடியிலோ சுவர் மேலோ மூடாமல் கிடந்து, உள்ளே பழக்கொட்டைகள் தெரிந்தால், அது மரநாய். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் காக்கிற பிராணி அது. பிடிக்கவோ அடிக்கவோ கூடாது.

கடைசியாகக் கருத்தடை. பெட்டைப் பூனை சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும், அதன் குட்டிகள் நாலைந்து மாதத்தில் சினைக்குத் தயார்! காயடித்த கடுவன்களில் பத்தில் ஒன்பது சுவரில் பீய்ச்சி அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடும், நாற்றமும் குறையும், எலி பிடிப்பது மட்டும் குறையாது. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலோ முன்கூட்டியே விசாரித்து, பக்கத்து வீட்டாரோடு செலவைப் பகிர்ந்துகொண்டு, கூண்டில் கொண்டுபோங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள், வலிக்காது. அந்தக் காதைப் பார்த்தால் எந்தப் பூனைக்கு ஆயிற்று, எதற்கு ஆகவில்லை என்று தெருவே தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொள்ளும்!