முதியோர் உடற்சோதனை

நோயென்று வாய்விட்டு உரைப்பவர்க்கு மருந்தளித்தல் வைத்தியர் கடமை என்பதை யாவரும் ஒப்புவர். உரையாதவரிடத்தும் சென்று நோயை நாடுதல் வேண்டுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இளைஞர் கண் சிறிது மங்கினும் அஞ்சி வைத்தியரை நாடுவர். முதியோரோ, கண் மங்கலும் செவி மந்தமும் கால் தளர்ச்சியும் மூப்பின் இயல்பெனக் கருதி வாளா இருப்பர். இதனால் தீர்க்கத்தக்க நோயும் தீராது நிற்கின்றது.

இவ்வுண்மையை ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் வைத்தியர் வில்லியம்சனும் அவர்தம் துணைவரும் 1964-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். 65 வயது நிரம்பிய முதியோரை அவர்கள் சோதித்தபோது, இருதய நோயையும் நுரையீரல் நோயையும் குடும்ப வைத்தியர் பெரும்பாலும் முன்னரே அறிந்திருந்தமை தெரிந்தது. பாத நோவு, சிறுநீர் அடங்காமை, மனச்சோர்வு, நினைவுக் குறைவு முதலியவற்றையோ அவர்கள் பெரும்பாலும் அறிந்திலர்.

இத்தகைய குறை தீர வேண்டி, 1990-ஆம் ஆண்டில் பிரிட்டனில் புதியதோர் ஏற்பாடு செய்யப்பட்டது. 75 வயது நிரம்பிய ஒவ்வொருவரையும் ஆண்டுக்கொருமுறை சோதிக்க முன்வருதல் குடும்ப வைத்தியர்க்குக் கடமையாயிற்று. பார்வை, செவி, நடை, மனநிலை, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டு நிலைமை ஆகிய அனைத்தும் வினவப்படுதல் வேண்டும். ஏற்பாடு நன்றே, ஆயினும் எதிர்பார்த்த பயன் விளைந்திலது. பெருந்தொகையான முதியோரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் வெளியாயின. அனைவரையும் விரிவாகச் சோதித்தமையால் மரணம் குறைந்ததாகப் புலப்படவில்லை. எல்லோருடைய பார்வையையும் அளந்து பார்த்தும், சில ஆண்டுகள் கழிந்தபின் அவர்தம் பார்வை பிறரினும் மேம்பட்டிருக்கவில்லை. கண்ணாடி பெறுமாறு சொல்லப்பட்டவருள் பலர் அதனைப் பெறாமலே இருந்தனர். 2004-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அக்கடமையும் நீக்கப்பட்டது.

ஆயின், நோயை நாடிச் செல்வதே வீண் எனலாமோ? அன்று. இரத்த அழுத்தம் மிகுதல் பெரும்பாலும் அறிகுறி காட்டாது வளர்வது, அளந்தாலன்றி அறியப்படாது. 80 வயது கடந்தோர்க்கும் அதனை மருந்தால் தணித்தல் உயிர் காக்கும் என்பது 2008-இல் வெளியான ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது. இங்கே அளவையும் எளிது, மருந்தும் கைவசமுண்டு, தொடர்ந்து கவனிப்பாரும் உளர். ஆகவே பயன் விளைகின்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் பொருட்டு வில்சன், யுங்னர் என்னும் இருவர் 1968-இல் வகுத்த நெறிகளும் இதனையே வற்புறுத்துகின்றன: நாடும் நோய் முக்கியமானதாதல் வேண்டும், அதற்கு ஏற்ற சிகிச்சை இருத்தல் வேண்டும், அச்சிகிச்சையைப் பெறும் வசதியும் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் சோதனை ஏட்டில் எழுதிய கணக்காய் முடியும்.

எனவே, எத்தனை முதியோரைச் சோதித்தோம் என்பது பெரிதன்று. கண்ட குறைகளுள் எத்தனை தீர்ந்தன என்பதே பெரிது. கண்ணாடி வேண்டுமெனச் சீட்டெழுதுவதோடு வைத்தியர் கடமை முடிவதில்லை. அது முதியவர் முகத்தில் ஏறிற்றோ என மறுமுறை வினவுதலும் சோதனையின் பகுதியேயாம். அவ்வினாவை வீட்டிலுள்ள இளைஞராகிய நாமும் வினவலாமன்றோ?