மூச்சும் பேச்சும்: கொல்லிமலையில் அன்றும் இன்றும்

சும்மா இருக்கும்போது மூச்சை இழுக்கும் நேரத்துக்கும் விடும் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேசும்போது கணக்கு மாறுகிறது. சட்டென்று இழுத்த மூச்சை வாக்கியம் முடியும்வரை சிறுகச் சிறுகச் செலவழிக்கிறோம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் பேசியதில் நெஞ்சு பழகிக்கொண்டது. காது கேளாத குழந்தைக்கு அந்தப் பழக்கம் தானாக வருவதில்லை. இரண்டு மூன்று சொற்களிலேயே அதற்கு மூச்சு தீர்ந்துவிடுகிறது. இத்தகைய குழந்தைகளின் நுரையீரல் கொள்ளளவு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகளும் காட்டியுள்ளன.

அன்று கொல்லிமலையின் ஊர்களில் பிரசவம் பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை, போகப் போகப் பேசிவிடும் என்று விட்டுவைத்தார்கள். காது கேளாதது தெரிந்த பிறகும், அத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளி சமவெளியில்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிய பள்ளி மலையிலிருந்து வெகுதூரம். அத்தகைய பள்ளிகளில் பாடத்துக்கு முன் மூச்சுப் பயிற்சி நடந்தது. மெழுகுவத்திச் சுடரை அணைக்காமல் அசைப்பது, காகிதத் துண்டை ஊதித் தள்ளுவது, ஆசிரியையின் தொண்டையில் கைவைத்து அதிர்வை உணர்வது என்று ஒரு சொல்லுக்காகப் பல மாதங்கள் உழைத்தார்கள்.

இன்று பிரசவம் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டி ஓடுகிறது. 2013இல் வந்த தேசியத் திட்டம் பிறவிக் குறைகளைக் குழந்தைப் பருவத்திலேயே தேடுகிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மெஷின் என்பது மருத்துவர்களின் இலக்கு. தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், உட்செவியில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையும் கிடைக்கிறது. சீக்கிரமே கேட்கத் தொடங்கும் குழந்தை, பேச்சோடு மூச்சையும் பழகுகிறது.

காதையும் நெஞ்சையும் சேர்த்தே கெடுத்த இன்னொன்றும் அன்று இருந்தது: அடுப்படியெங்கும் விறகுப் புகை. புகையால் மூக்கும் தொண்டையும் வீங்க, சளி காதுக்கும் நெஞ்சுக்கும் இறங்கியது. காதில் சீழ் வடிவதும் இளைப்பும் ஒரே பிள்ளைக்கு வந்தன. இன்று பல வீடுகளில் கேஸ் அடுப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் விறகும் எரிகிறது. 2011இல் பென்டாவேலன்ட், 2017இல் தட்டம்மை-ரூபெல்லா, 2021இல் நிமோகாக்கல் என்று அடுத்தடுத்து வந்த தடுப்பூசிகள் நுரையீரலைத் தாக்கும் கிருமிகளையும் செவியைப் பறிக்கும் கிருமிகளையும் சேர்த்தே தடுக்கின்றன.

பெற்றது பெரிது. இழந்தது பள்ளிகளின் அந்த நிதானமான மூச்சுப் பயிற்சி. மெஷின் மாட்டினால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அது பின்னுக்குப் போகிறது. ஆனால் தாமதமாக மெஷின் கிடைத்த பிள்ளைக்கு இன்றும் அது வேண்டும். மெஷினைச் சரிபார்க்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். மூச்சுப் பயிற்சிக்கு அந்தச் செலவு இல்லை. முறையாகக் கற்றுக்கொண்ட ஒருவர் இருந்தால், மலையிலுள்ள அங்கன்வாடியிலேயே தினமும் நடத்தலாம். பழைய பள்ளிகளின் அந்தப் பயிற்சியை இங்கே தொடங்குவது நம்மால் ஆகிற காரியம்தான்.