பொத்தானால் அளந்த உயரம்

ஓர் ஊரில் தீத்தடுப்பு ஆய்வாளர் என்பார். அடுத்த ஊரில் பைபிள் விற்க வந்தவர். இன்னோர் ஆலையில் இயந்திரங்களை மட்டும் படமெடுக்க வந்திருப்பதாகச் சொல்லி, ‘அளவு தெரியட்டும்’ என்று பக்கத்தில் வேலை செய்யும் சிறுமியை நிற்கச் சொல்வார். எந்தப் பொய்யும் எடுபடாத இடங்களில், ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்து வாசலில் நின்றுகொள்வார்.

லூயிஸ் ஹைன் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908இல் அந்த வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்குப் புகைப்படக்காரரானார். கரோலினாவின் நூற்பாலைகள், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள், மெக்சிகோ வளைகுடாக் கரையில் சிப்பியும் இறாலும் டப்பாவில் அடைக்கும் ஆலைகள் என்று பல ஆண்டுகள் சுற்றினார்.

அவரிடம் இருந்தது 5க்கு 7 அங்குலப் பெட்டிக் கேமரா. முக்காலி, கண்ணாடித் தகடுகள், வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடி. இவ்வளவையும் சுமந்துகொண்டு ஒளிந்திருந்து படமெடுக்க முடியாது. பிள்ளைகள் அசையாமல் நின்றாக வேண்டும். அதனால்தான் அவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். யாரும் அழவில்லை, கை ஏந்தவில்லை. இரக்கத்தைக் கேட்டு வாங்காத படங்கள் என்பதே, என் பார்வையில், அவற்றின் பெரிய பலம்.

ஆனால் படம் மட்டும் போதாது என்று ஹைனுக்குத் தெரியும். ‘பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது’ என்று மேஸ்திரியும் சொல்வார், பெற்றோரும் சொல்வார்கள். ஹைன் தன் கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்துவைத்திருந்தார். பிள்ளை அருகில் வந்து நின்றால் தலை எந்தப் பொத்தானுக்கு எட்டுகிறது என்று பார்ப்பார். பைக்குள் கையை விட்டபடியே காகிதத்தில் குறித்துக்கொள்வார். தென் கரோலினாவின் லான்காஸ்டர் ஆலையில் 1908இல் எடுத்த படம் ஒன்றில், கதிர்கள் வரிசையாக நீளும் இயந்திரத்தின் முன் ஒரு சிறுமி. குறிப்பில் அவள் உயரம் 48 அங்குலம். வயதைப் பற்றி வாதாடலாம், அங்குலத்தோடு என்ன வாதாடுவது?

1911இல் பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டனில் எடுத்த படங்களில், நிலக்கரி சரிந்து ஓடும் தொட்டிகளின் மேல் குனிந்தபடி கல்லைப் பொறுக்கும் சிறுவர்கள். சில நேரம் எதிரில் இருப்பது தெரியாத அளவுக்குத் தூசி என்றும், சொன்னபடி கேட்கவைக்க அவர்களைக் குத்தவும் உதைக்கவும் ஓர் ஆள் நிற்பதுண்டு என்றும் ஹைன் எழுதிவைத்திருக்கிறார். கறுப்பு வெள்ளை அவருக்கு ரசனை சார்ந்த தேர்வல்ல. 1907இலேயே வண்ணத் தகடு விற்பனைக்கு வந்துவிட்டது. வெளிச்சம் குறைந்த ஆலைக்குள் அதைக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் இந்தப் படங்கள் கலைப்பொருள்கள். சுவரில் தொங்கும்போது அந்தக் குறிப்புகள் பல நேரம் சுருங்கி, ஊரும் ஆண்டும் மட்டும் மிஞ்சுகின்றன. இது எனக்கு உறுத்துகிறது. அவர் எடுத்த படங்களில் 5,000க்கு மேல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், குறிப்புகளோடு, யாரும் இணையத்தில் பார்க்கும்படி இருக்கின்றன. அங்கேதான் பார்க்க வேண்டும்.

பிற்காலத்தில் அவர் உழைப்பைப் போற்றும் படங்களுக்குத் திரும்பினார். பெரிய ஸ்பேனரோடு நீராவிப் பம்பின்மேல் வளைந்து நிற்கும் 1920ஆம் ஆண்டு மெக்கானிக்கும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உயரத்தில் வேலை செய்தவர்களும் புகழ்பெற்றவர்கள். அழகான படங்கள்தாம், ஆனால் மெக்கானிக்கின் தசைகள் கேமராவுக்காக முறுக்கேறியவை. (நம் ஊர் காபிக் கடைகளில்கூட மாட்டியிருக்கும், இரும்பு உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடும் தொழிலாளர் படம் ஹைனுடையதல்ல. அவர் பெயரில் அது உலவுவது பழைய குழப்பம்.)

1916இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை இரண்டே ஆண்டில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. 1938ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைனுக்கு வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. கிராமப்புற வறுமையைப் பதிவுசெய்ய அரசு நடத்திய புகைப்படத் திட்டத்தில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. வீடு கடனில் போயிற்று. 1940இல் இறந்தார்.

1938 சட்டம் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வயது வரம்பை வைத்தது. விவசாயத்துக்கு விதிகளைத் தளர்த்தியது. 1915இல் கொலராடோவின் பீட் வயல்களில் வேலை செய்த பிள்ளைகளையும் ஹைன் படமெடுத்திருந்தார். பெற்றோர் சம்மதித்தால், பள்ளி நேரம் போக, 12 வயதுப் பிள்ளை பண்ணையில் கூலிக்கு வேலை செய்ய அமெரிக்கச் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது.