‘புரியுதா?’ என்று கேட்டால் போதாது

பரவையில் ஒருவருக்குக் காசநோய் உறுதியாகிறது. மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா, அல்லது தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமா? 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம், இதற்கான முதல் வடிகட்டலைச் சுகாதார ஊழியர் கையிலேயே கொடுத்தது. ஆய்வகமும் எக்ஸ்ரேயும் தேவையில்லை.

பெரியவர்களுக்கான விதி இது. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தீவிரம், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 14-க்கு மேல் 16 வரை என்றால், இரு கால்களும் வீங்கியிருந்தால்தான் தீவிரம். நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, 94 சதவீதத்துக்குக் குறைந்த ஆக்சிஜன், தாங்கலின்றி நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தீவிரமே.

இதைப் படித்த ஊழியரிடம் “புரியுதா?” என்று கேட்டால் தலையாட்டுவார். நம் ஊரில் வேறு என்ன செய்வார்கள்? மாறாக ஒரு நோயாளியைச் சொல்லிப் பாருங்கள்: பி.எம்.ஐ. 15, வீக்கமில்லை, மூச்சு 22, ஆக்சிஜன் 96. ஆனால் சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறார். நாலு விஷயம் சரியாக இருப்பதால் வீட்டுக்கு அனுப்பத் தோன்றும். அனுப்பக் கூடாது. எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், எவ்வளவு நேரம் பிடித்தது என்பதுதான் புரிதலின் அளவு.

இத்தகைய மருத்துவ வழிகாட்டுதலைக் கணினிக்குச் சொல்லும் மொழிகளும் பழையவைதான். ‘ஆர்டன் சின்டாக்ஸ்’ 1989-இல் உருவானது. பிறகு புரோஃபார்மா, அஸ்ப்ரு, கிளிஃப் என்று வரிசையாக வந்தன. 2003-இல் ஆறு முறைகளை ஒப்பிட்ட ஆய்வு, எதில் எதைச் சொல்ல முடியும் என்பதையே முக்கியமாகப் பார்த்தது. படிப்பவருக்கு என்ன விளங்கியது என்பது தனிக் கேள்வி.

விதியை வரைந்து காட்டும் படத்தையே அளப்பவர்களும் உண்டு. எத்தனை பெட்டி, எத்தனை கிளை என்று எண்ணுவார்கள். அலுவலக நடைமுறைப் படங்களுக்காக மெண்ட்லிங், ரெய்யர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் மூவரும் 2010-இல் ஏழு விதிகள் வகுத்தார்கள். 50 உறுப்புகளைத் தாண்டினால் படத்தைப் பிரி என்பது ஒன்று. ஒன்றோ பலவோ பொருந்தலாம் என்கிற ‘அல்லது’ கிளையைத் தவிர் என்பது இன்னொன்று. நம் காசநோய் விதியோ பெரும்பாலும் ‘அல்லது’தான்! ஆனால் அதையே டிக் அடிக்கும் பட்டியலாக்கி, ஒரு டிக் விழுந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்பு என்றால் சிக்கல் போய்விடுகிறது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை.

ஆளை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அனுபவமுள்ள டாக்டர் படத்தைப் பார்க்காமலே சரியான பதில் சொல்லிவிடுவார். அவர் படித்தது படத்தையல்ல, தன் நினைவை. வழக்கமும் விதியும் பிரியும் இடத்தில்தான் கேள்வி வைக்க வேண்டும். விதியை எழுதியவர்களை வைத்தே சோதிப்பதும் வீண்.

இப்போது கதை ஒரு படி மாறியிருக்கிறது. இத்திட்டத்தின் டி.பி. சேவா வலைச்செயலியில், இறப்பு வாய்ப்பைச் சதவீதமாகக் கணித்துச் சொல்லும் வசதி 2025-இல் சேர்ந்தது. விதியென்றால் எந்தக் கிளையில் தடுக்கி விழுந்தார் என்று பார்த்துவிடலாம். சதவீதத்தில் கிளையே இல்லை. ஒரே எண்ணைப் பார்த்து ஒரு செவிலியர் 108-ஐ அழைத்து, இன்னொருவர் ‘நாளைக்கு வாங்க’ என்றால், அந்த எண் இருவருக்கும் ஒன்றுபோலப் புரியவில்லை. இங்கே அளக்க வேண்டியது அவர்கள் சொல்லும் பதிலை அல்ல, அடுத்துச் செய்யும் காரியத்தை.