அறுந்தும் தெரியாத இழை

பாவில் ஓர் இழை அறுந்தால் தறியில் அமர்ந்திருப்பவர் அதை அறியாமல் இருப்பதில்லை. கண் தவறினாலும் துணியில் விழும் கோடு காட்டிக் கொடுத்துவிடும். பாவு அறுந்தால் தானே நிற்கும் ஏற்பாடுள்ள விசைத்தறிகளில் ஒவ்வோர் இழையின்மீதும் ஒரு மெல்லிய தகடு தொங்குகிறது. இழை அறுந்த கணமே தகடு விழும், தறி நிற்கும். ஆனால், அறுந்தும் எவருக்கும் தெரியாத இழை ஒன்று உண்டு. அதைப்பற்றியே இம்மாதம் அங்கத்தினர்களுக்குச் சில விஷயங்கள் கூற விரும்புகிறோம். நாமே ஏமாந்த கதையையும் மறைக்கப்போவதில்லை.

நமது சங்கத்தின் அலுவலகம் ஓரிடத்திலும், நூல் கிடங்கும் சாயப்பட்டறையும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கின்றன. நெசவாளருக்கு எடை போட்டு வழங்கும் நூலும், நெய்து திரும்பும் துணியும், விவசாயிகள் கொணரும் பருத்தியின் எடைச்சீட்டும் கிடங்கிலேயே கம்ப்யூட்டரில் பதியப்பட்டு அலுவலகக் கணக்கில் சேருகின்றன. சனிக்கிழமைக் கூலிப் பட்டுவாடா அந்தக் கணக்கைக் கொண்டே நடைபெறுகிறது. கட்டிடத்துக்குள் நாம் காணும் செம்புக் கம்பியில் இச்செய்திகளை 100 மீட்டர் தூரத்துக்கே அனுப்புவது முறை. ஆகவே, இரண்டு கிலோமீட்டருக்குக் கண்ணாடி இழை தேவையாயிற்று.

இவ்விழையின் பருமன் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் ஒளி செல்லும் நடுப்பகுதி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எவ்வளவு மெல்லிய எண் நூலைக் கையாண்டவரும் இதைக் கண்டால் வியப்பர். தூய கண்ணாடி கிடைத்தால் அதனுள்ளே ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966-இல் இங்கிலாந்தில் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்ஹாம் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியார் அத்தகைய இழையைச் செய்து காட்டினர். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கம்ப்யூட்டர் பேசுவது மின்சார மொழி. இழை அறிந்ததோ ஒளி மொழி. இரண்டுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பதே டிரான்ஸீவர் என்னும் சிறு கருவி. கட்டைவிரல் அளவே உள்ள அதில் ஒருபுறம் ஒளியை அனுப்பும் லேசரும், மறுபுறம் வரும் ஒளியை வாங்கி மின்சாரமாக்கும் ஓர் உறுப்பும் உண்டு. போவதற்கு ஓர் இழை, வருவதற்கு ஓர் இழை என இரண்டு வேண்டும். ஒரு முனையில் அனுப்பும் வாய் மறுமுனையில் வாங்கும் வாயோடு சேரவேண்டும். முதல் நாள் விளக்கு எரியாவிட்டால், பெரும்பாலும் இவ்விரண்டும் மாறியிருப்பதே காரணமாகும். இந்த லேசரின் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாததால் தீங்கில்லை என்று எண்ணி எவரும் இழையின் முனையைக் கண்ணருகே கொண்டு பார்க்கலாகாது.

நாம் வாங்கிய கருவிக்கு மூன்று வாய்கள். ஒன்று செம்புக் கம்பிக்கு. மற்ற இரண்டும் கண்ணாடி இழைகளுக்கு. முதல் வழி அறுந்தால், கண் இமைக்கும் நேரத்துக்குள் அது இரண்டாம் வழிக்கு மாறிக்கொள்ளும். முதல் வழியைத் தெருக் கம்பங்களின்மேல் கொண்டுசென்றோம். இரண்டாவதை வாய்க்கால் கரையோரம் மண்ணில் புதைத்தோம். ஒரே பள்ளத்தில் இரண்டையும் போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்று நிர்வாக சபையில் ஓர் அங்கத்தினர் கூறியது நினைவிருக்கிறது. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி எகிப்து நாட்டு அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் இரண்டு ஒரே நாளில் பழுதுற்றபோது நம் தேசத்தின் இணையத் தொடர்பு பெருமளவில் தடைப்பட்டது. வழி இரண்டானாலும் அவை செல்லும் இடம் ஒன்றானால் வருவது இதுதான். ஒரே கேபிளை நம்பியிருந்த டோங்கா தீவினரின் நிலை இன்னும் கொடிது. 2022 ஜனவரி 15-ஆம் தேதி எரிமலை வெடித்து அவர்களுடைய கடலடிக் கேபிள் அறுந்தது. அது மீண்டும் இயங்க ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று.

இவ்வளவும் அறிந்து, தனித்தனி வழியில் இழை போட்டு, நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை பிற்பகல், வடிகால் தோண்டிய இயந்திரம் ஒன்று வாய்க்கால் கரையிலிருந்த கேபிளை இழுத்து அறுத்தது. உடனே கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் தொடர்பு முற்றிலும் நின்றது. கம்பத்து வழி இருக்கிறதே, அது ஏன் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் திகைத்தோம். கருவியின் நினைவில் பதிந்திருந்த குறிப்பைப் படித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கம்பத்து வழி ஜூலை மாதத்திலேயே அறுந்திருந்தது! நான்கு மாத காலம் நாம் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பண்டிகைக் கூலி. கிடங்குப் பதிவுகளைக் கையால் நகலெடுத்து, சைக்கிளில் சீட்டுக்களைக் கொண்டுவந்து, அலுவலகத்தில் மறுபடி பதிந்து, கடைசி நெசவாளர் பணம் பெற்றபோது இரவு மணி ஒன்பது. குழந்தைகளுக்குத் துணி எடுக்கக் கடைவீதிக்குச் செல்லவேண்டியவர்கள் சங்க வாசலில் காத்திருந்தனர். பருத்தி விவசாயிகளின் பணம் பண்டிகைக்குப் பின்னரே போயிற்று. அன்று சிலர் கடுமையாகப் பேசினர், பேசியது முறையே.

தோட்டக்கார அங்கத்தினர்களுக்கு இது புதிதல்ல. மின்சார மோட்டாருக்குத் துணையாகக் கிணற்றடியில் ஆயில் எஞ்சின் வைத்திருப்போம். இரண்டாண்டு ஓட்டாமல் விட்டு, மின்சாரம் நின்ற நாளில் கிளப்பினால் அது கிளம்பாது. இழை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். கருவி தன் வேலையைச் செவ்வனே செய்வதாலேயே பழுது மறைந்துபோகிறது. முதல் வழி அறுந்த நாளில் ஒரு சீட்டுகூடத் தாமதமாகவில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒரு சிறு பச்சை விளக்கு அணைந்தது, அவ்வளவுதான்.

பின்னர் செய்தவற்றைச் சொல்லவேண்டும். எந்த வழி அணைந்தாலும் ஒரு மணியை அடிக்கவைக்கும் இணைப்பு இக்கருவியில் முன்பே இருந்தது. நாம்தான் அதில் கம்பி பூட்டவில்லை. இப்போது காரியதரிசியின் அறையில் மணி இருக்கிறது. கருவிக்கு மின்சாரம் வாங்க இரண்டு வாய்கள் உண்டு. இரண்டையும் ஒரே பலகையில் செருகியிருந்தோம். அவற்றில் ஒன்றை பேட்டரிக்கு மாற்றினோம். மூன்று வாய்க் கருவியே பழுதானால் இரண்டு இழைகள் இருந்தும் பயனில்லையாதலால், அதேபோன்ற ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒளியின் அளவைக் கவனிப்பது. எத்தனை ஒளி வந்து சேருகிறது என்பதை நமது டிரான்ஸீவரே அளந்து சொல்லும். அதன் கணக்கு சற்று விசித்திரமானது. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். கழித்தல் 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. கழித்தல் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி ஏறக்குறைய பாதியாகிறது. நமது கருவிக்குக் கழித்தல் 19 வரை ஒளி வந்தால் போதும். அதற்குக் கீழே போனால் தொடர்பு நிற்கும். புதிதாய்ப் போட்ட நாளில் கழித்தல் 8 இருந்தது. இழை திடீரென்று அறுவதும் உண்டு. ஆனால் இணைப்புமுனையில் தூசி படிந்தாலும், பெட்டியில் நீர் புகுந்தாலும், வளைவு இறுகினாலும் ஒளி சிறுகச் சிறுகக் குறையும். விளக்கோ கடைசிவரை பச்சையாகவே எரியும். எண்ணைப் பார்ப்பவருக்கு மட்டுமே இக்குறைவு முன்னதாகத் தெரியும்.

மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை, அலுவலகம் திறப்பதற்கு முன், முதல் வழியை நாமே கழற்றுகிறோம். மணி அடிக்கிறதா, கிடங்கிலிருந்து எடைச்சீட்டு வருகிறதா என்று பார்த்து மீண்டும் பூட்டுகிறோம். இரு வழிகளின் எண்களும், இரு முனைகளிலும் எடுத்து, கோடிட்ட நோட்டில் எழுதப்படுகின்றன. இரு முனைகளிலும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. போகும் இழை நன்றாயிருந்து வரும் இழை மட்டும் கெட்டிருக்கலாம். ஒரு முனையில் மட்டும் பார்த்தால் அது தெரியாது.

சென்ற சோதனையில் வாய்க்கால் வழியின் எண் கழித்தல் 9-இலிருந்து கழித்தல் 13-க்கு இறங்கியிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சீட்டுக்களும் வந்தன. ஆயினும் கரையோரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எறும்புகள் உள்ளே மண் சேர்த்துக் கூடு கட்டி, இழையை ஒரு மூலையில் நெருக்கி வளைத்திருந்தன. மண்ணை அகற்றி இழையைத் தளர்த்தி, முனைகளைத் துடைத்துப் பூட்டினோம். நோட்டில் மறுபடி கழித்தல் 9 எழுதப்பட்டது.